காது கேளாத கணினி

எமது வீட்டிலே ஒரு மடிக்கணினி உண்டு. எம் தம்பியார் 2011ஆம் ஆண்டிலே கந்தோர் அலுவலுக்காக வாங்கியது அது. அடுத்த ஆண்டு அவர் கட்டார் நாட்டுக்குத் தொழில் பார்க்கப் புறப்பட்டபோது, "அண்ணை, இது இஞ்சை கிடக்கட்டும். பிள்ளைக்கு ஒரு காலத்திலை உதவும்" என்று சொல்லி எம்மிடம் வைத்துவிட்டுச் சென்றார். பிள்ளைக்கு அப்பொழுது ஏழு வயது. கணினியின் ஓரத்தில் இருந்த துவாரம் ஒன்றினுட் கொண்டையூசியை விட்டுக் குடைந்து பார்த்ததன்றி, அவள் அதனால் அடைந்த பயன் வேறொன்றுமில்லை. பின்னர் அஃது அலுமாரியின் மேல்தட்டிலே, பழைய பஞ்சாங்கங்களுக்கும் தீபாவளிக்கு மட்டும் வெளிவரும் பலகாரத் தட்டுகளுக்கும் இடையே நெடுநாள் நித்திரை செய்தது.

அந்த நித்திரையைக் கலைத்தது 2022ஆம் ஆண்டு. அவ்வாண்டினை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மார்ச் மாதத் தொடக்கத்திலே ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபா வரை ஏறிற்று. மார்ச் மாத முடிவில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு. பெற்றோலுக்கு வரிசை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, எரிவாயுவுக்கு வரிசை. ஜூன் மாதம் 20ஆம் திகதி தொடக்கம் கொழும்பு நகரத்துப் பாடசாலைகள் நடைபெறா. பாடங்கள் இணைய வழியே நடைபெறும் என்று அறிவித்தல் வந்தது. எம் பெறாமகள் அப்போது உயர்தர வகுப்பு மாணவி. வெள்ளவத்தையில் எமது தொடர்மாடி வீட்டிலேயே தன் தாயாருடன் இருந்து படித்து வந்தாள். வீட்டில் இருந்ததோ கண்ணாடி வெடித்த கைத்தொலைபேசி ஒன்று. ஆசிரியர் கரும்பலகையில் எழுதும் இரசாயனச் சமன்பாடுகள் அந்த வெடிப்பின் இருபுறமும் பிரிந்து நின்று, எது எதனோடு சேருகின்றது என்பதே தெரியாமற் போயிற்று. புதிய கணினியின் விலையைக் கேட்டோம். நாம் ஓய்வூதியகாரர். கேட்டதோடு விட்டுவிட்டோம்.

ஆகவே பழையதை இறக்கித் தூசி தட்டினோம். அதில் இருந்த விண்டோஸ் 7 என்னும் இயங்குதளத்துக்கு அதனை ஆக்கியோர் 2020 ஜனவரி மாதத்துடன் பராமரிப்பை நிறுத்திவிட்டனர். அன்றியும் அது கண் விழிக்கும் நேரத்துக்குள் நாம் கீரை ஆய்ந்து முடித்துவிடலாம். பெறாமகள் தன் தோழி ஒருத்தியிடமிருந்து லினக்ஸ் அடங்கிய பென் ட்ரைவ் ஒன்றை வாங்கி வந்தாள். 1991ஆம் ஆண்டிலே பின்லாந்து நாட்டின் தலைநகராகிய ஹெல்சிங்கியில், லினஸ் டோர்வால்ட்ஸ் என்னும் 21 வயது மாணவர் தொடங்கி வைத்த வேலை அது. இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் சேர்ந்து வளர்க்கின்றனர். காசு கொடாமற் பெறலாம். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரத்தில் அதனைப் பதித்து முடித்தாள். பதினொரு வயதுக் கிழவி பாவாடை கட்டிய சிறுமியாக எழுந்து நின்றாள் என்றே சொல்லவேண்டும்.

எல்லாம் நன்றாயிருந்தது, ஒன்று நீங்கலாக. வைஃபை இல்லை. வலையமைப்புகளின் பெயர்கள் தோன்றவேண்டிய இடத்தில் வெறுமை. கம்பி மூலம் தொடுக்கலாமே என்று நேயர்கள் கேட்பீர்கள். கம்பி செருகும் துவாரந்தான் பத்தாண்டுகளுக்கு முன் கொண்டையூசிக்கு இரையான துவாரம். திங்கட்கிழமை நான்கு மணிக்கு இரசாயன வகுப்பு.

நாம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கணினியை மேலும் கீழும் பார்த்துத் தீர்ப்புக் கூறினோம்: "பிள்ளை, உள்ளேயிருக்கும் வானொலி அட்டை செத்துப் போச்சு. பழைய சாமான்."

அவள் அதற்கு மறுமொழி சொல்லவில்லை. ஒரு பழைய கொப்பியை எடுத்து, முதற் பக்கத்தில் திகதியை எழுதிவிட்டு, கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து "எல்.எஸ்.பி.சி.ஐ." என்னும் ஐந்து ஆங்கில எழுத்துகளைத் தட்டினாள். கணினியின் உள்ளே செருகப்பட்டிருக்கும் உறுப்புகள் எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லும் கட்டளை அது. ஒவ்வோர் உறுப்பும் தன்னைப் பற்றி இரண்டு எண்களைச் சொல்லும்: ஒன்று அதனை ஆக்கிய கம்பனியின் எண், மற்றையது அந்த உறுப்பின் இனத்தைக் குறிக்கும் எண். உதாரணமாக இன்ரெல் கம்பனியின் எண் 8086. அவர்கள் 1978இல் வெளியிட்டுப் புகழ்பெற்ற செயலியின் எண்ணையே தங்கள் அடையாளமாகவும் வைத்துக்கொண்டனர். எமது அட்டை அவர்களுடையதன்று, வேறொருவருடையது. எவருடையது என்பது இங்கு வேண்டா. பட்டியலிலே அதன் பெயரும் எண்ணும் ஒழுங்காக நின்றன.

"செத்திருந்தால் எப்பிடிப் பெரியப்பா பேர் சொல்லும்?" என்றாள்.

நியாயந்தான். கூப்பிட்டால் ஏனென்று கேட்கும் ஒருவனைப் பாடையிற் கட்டுதல் ஆகாது.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிக் கூறல் வேண்டும். கணினியின் உறுப்புக்கும் இயங்குதளத்துக்கும் நடுவே நின்று, இதன் மொழியை அதற்கும் அதன் மொழியை இதற்கும் சொல்லும் மென்பொருளை ஆங்கிலத்தில் டிரைவர் என்பர். தமிழில் இயக்கி என்று எழுதுவோரும் செலுத்தி என்று எழுதுவோரும் உளர். எமது வீட்டில் அதற்குச் சாரதி என்றே பெயர். 'சாரதியுடன் உரையாடல் ஆகாது' என்னும் வாசகத்தை இ.போ.ச. பேருந்துகளிற் படித்து வளர்ந்தவர் நாம். வேறு சொல் எம் வாயில் வருவதாயில்லை. லினக்ஸில் சாரதிகள் பெரும்பாலும் இயங்குதளத்தின் நடுக்கருவாகிய கேர்னல் என்பதனுடனேயே வந்துவிடுகின்றனர். ஒவ்வொரு சாரதியிடமும் தான் ஓட்டக்கூடிய உறுப்புகளின் எண்கள் எழுதிய பட்டியல் ஒன்று உண்டு. அட்டை சொல்லும் எண் பட்டியலில் இருந்தால், அந்தச் சாரதி தானே வந்து ஆசனத்தில் அமர்ந்துகொள்வான்.

எமது அட்டைக்கும் அவன் வந்து அமர்ந்துதான் இருந்தான். ஆனால் வண்டி நகரவில்லை. ஏன்? கேர்னல் தான் விழித்தெழுந்த நேரந் தொட்டு நடந்தனவற்றையெல்லாம் நாட்குறிப்புப் போல எழுதி வைக்கின்றது. அதனைக் காட்டும்படி கேட்டபோது நூற்றுக்கணக்கான வரிகள் ஓடின. அவற்றுள் ஒரு வரியை அவள் விரலால் தொட்டுக் காட்டினாள். இன்ன பெயருடைய ஃபேர்ம்வெயர்க் கோப்பை ஏற்ற முடியவில்லை, பிழை எண் சய 2, என்றிருந்தது. சய 2 என்றால், 'அப்படியொரு கோப்பே இல்லை' என்பது பொருள்.

ஃபேர்ம்வெயர் என்பது யாதெனில், அட்டையின் உள்ளே இருக்கும் சிறு மூளைக்கு உரிய பாடம். பழைய காலத்துக் கருவிகளில் அந்தப் பாடம் கருவியினுள்ளேயே நிரந்தரமாக எழுதப்பட்டிருந்தது. இக்காலத்து அட்டைகள் பலவோ ஒவ்வொரு நாளும் எல்லாவற்றையும் மறந்து எழுகின்றன. சாரதி ஒவ்வொரு முறையும் அந்தக் கோப்பை எடுத்து ஊட்டிவிட்ட பின்னரே அவை பேசத் தொடங்கும். சாரதி இருந்தான், ஊட்டுவதற்கு உணவு இல்லை.

சாரதி வரும்போது கோப்பு மாத்திரம் வராமற் போனதேன் என்று எமக்கு வியப்பாயிருந்தது. பின்னர் தேடிப் படித்தோம். சாரதியின் நிரல் திறந்த நிரல். எவரும் வாசிக்கலாம், திருத்தலாம். ஃபேர்ம்வெயர்க் கோப்புப் பெரும்பாலும் கம்பனிகளின் மூடிய சொத்து. அதனைத் திறந்து பார்க்கவும் முடியாது, திருத்தவும் உரிமையில்லை. இந்தப் பிணக்கு மிகப் பழையது. 1980ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் எம்.ஐ.ரி. ஆய்வுகூடத்திலே ரிச்சர்ட் ஸ்ரோல்மன் என்பவர், செரொக்ஸ் கம்பனி அன்பளிப்பாகக் கொடுத்த அச்சுப்பொறி ஒன்றில் கடதாசி சிக்கும்போது உரியவருக்குச் செய்தி போகும்படி அதன் மென்பொருளைத் திருத்த விரும்பினார். மூலநிரலை வைத்திருந்த வேறொரு பல்கலைக்கழகத்து ஆய்வாளரிடம் சென்று கேட்டார். வெளியிடுவதில்லையென வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று அவர் மறுத்துவிட்டார். அந்த மறுப்பை ஸ்ரோல்மன் மறக்கவில்லை. 1983ஆம் ஆண்டில் கட்டற்ற மென்பொருளுக்கென குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். அச்சுப்பொறிக்குள் சிக்கிய கடதாசி எங்கே போய் முடிந்தது, பாருங்கள்.

வைஃபை அட்டைகளின் கதையிலும் இத்தகைய அத்தியாயம் உண்டு. புரோட்கொம் கம்பனியின் அட்டைகளுக்கு லினக்ஸ் சாரதி இல்லாதிருந்த காலத்திலே, தொண்டர்களில் ஒரு பகுதியார் மூடிய மென்பொருளை ஆராய்ந்து அதன் செயல்களை விவரமாக எழுதினர். மற்றொரு பகுதியார் மூலத்தைக் கண்ணாலும் பாராது, அந்த விவரத்தை மட்டும் படித்துப் புதிய சாரதியை எழுதினர். உரிமைச் சட்டம் குறுக்கே வராதபடி செய்த ஏற்பாடு அது. 2006ஆம் ஆண்டில் அந்தச் சாரதி கேர்னலிற் சேர்ந்தது. 2010ஆம் ஆண்டில் அந்தக் கம்பனியே தன் புதிய அட்டைகள் சிலவற்றுக்குத் திறந்த சாரதியை வெளியிட்டது.

டெபியன் என்னும் பெயர்பெற்ற லினக்ஸ் விநியோகத்தை நடத்துவோர், மூடிய கோப்புகளைத் தமது பதிப்பு ஊடகத்துடன் சேர்ப்பதில்லையென நெடுங்காலம் விரதம் காத்தனர். வேண்டுவோர் தனியே எடுத்துக்கொள்ளலாம். 2022 ஒக்ரோபரில் தம்முள் வாக்கெடுத்து, 2023 ஜூன் மாதம் வெளிவந்த 12ஆம் பதிப்பிலிருந்து அவற்றையும் உடன் வைத்தனர். விரதம் காத்தது சரியா, கைவிட்டது சரியா என்று எம்மைக் கேட்டால், காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் சொல்வோம். அந்தச் சனிக்கிழமை இரவிற் கேட்டிருந்தால் ஒன்றே சொல்லியிருப்போம்.

கோப்பை எடுக்க இணையம் வேண்டும். இணையத்தை எடுக்கக் கோப்பு வேண்டும். பெறாமகள் கொப்பியை மூடிவிட்டு உறங்கப் போனாள். நாம் உறங்கவில்லை. அமெரிக்கர் ஒருவர் எழுதிய பழைய லினக்ஸ் கைந்நூல் ஒன்று எம்மிடம் இருந்தது. அதில் வைஃபை என்ற தலைப்பைத் தேடியெடுத்து, ஒரு பக்கத்திற் கண்டவற்றை வரிக்கு வரி தட்டினோம். ஒன்றும் நடக்கவில்லை. விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தோம். அப்படிச் செய்ததைக் காலையில் அவளுக்குச் சொல்லவுமில்லை.

ஞாயிறு காலை நாம் காலி வீதிக்கு நடந்து சென்று, யு.எஸ்.பி. துவாரத்திற் செருகும் வைஃபைத் துண்டு கிடைக்குமா என்று விசாரித்தோம். திறந்திருந்த கடைகள் சில. துண்டு உள்ள கடை ஒன்றுமில்லை. திரும்பி வந்து பார்த்தால், பெறாமகள் அந்த வெடித்த கைத்தொலைபேசியை அதன் மின்னேற்றும் வயரினாலேயே கணினியோடு தொடுத்து வைத்திருந்தாள். தொலைபேசியின் அமைப்பிலே யு.எஸ்.பி. டெதரிங் என்றொரு விருப்பம் உண்டு. அதனை அழுத்தினால், தொலைபேசி தன் இணையத் தொடர்பைக் கம்பி வழியே கணினிக்குக் கொடுக்கும். கணினி அதனைக் கம்பி வலையமைப்பு என்றே கருதிக்கொள்ளும்; சாரதியைத் தேடி அலையவேண்டுவதில்லை. டேட்டாக் காசு கரையுமே என்பதனால் நாள் முழுவதும் அதில் வகுப்புக் கேட்க இயலாது. கோப்பை இறக்குவதற்கு அது போதும். ஃபேர்ம்வெயர்ப் பொதி வந்து உரிய இடத்தில் அமர்வதற்கு இரண்டு நிமிடந்தான் சென்றது.

கணினியை மறுபடி தொடக்கினோம். நாட்குறிப்பிற் பிழை இல்லை. வைஃபையும் இல்லை!

மனித முயற்சியில் இந்த இடந்தான் கொடியது. பழைய பிழை தெரிந்த பிழை. இப்போது பிழையும் இல்லை, பலனும் இல்லை. நாம் மறுபடியும் மரண அறிவித்தல் கொடுக்க வாயெடுத்தோம். அவளோ "ஆர்.எஃப்.கில்" என்னும் மற்றொரு கட்டளையைத் தட்டினாள். வானொலியை நிறுத்தி வைக்கும் தடைகளைக் காட்டுவது அது. தடை இரு வகைப்படும். மென்பொருளால் விழுந்த தடையைக் கட்டளையால் நீக்கலாம். வன்தடையை நீக்க எந்தக் கட்டளையாலும் முடியாது, கையால் நீக்கவேண்டும். எமது கணினியில் மென்தடை இல்லை, வன்தடை உண்டு என்று வந்தது. கணினியைத் தூக்கி விளிம்பெல்லாம் தடவினோம். முன்புறத்தின் கீழே, குத்தரிசி மணியளவில் ஓர் ஆளி. சனிக்கிழமை எமது துணி தூசி துடைத்துக்கொண்டு சென்ற வழி அதுவே. அதனை நகத்தால் வலப்பக்கம் தள்ளினாள். சிறு நீல விளக்கு எரிந்தது. திரையிலே பெயர்கள் பொலபொலவென்று விழுந்தன.

தொடர்மாடி முழுவதும் திரைக்கு வந்துவிட்டது. மூன்றாம் மாடிக்காரர் தம் நாயின் பெயரை வைத்திருந்தார். ஒருவர் கிரிக்கெட் வீரரின் பெயர். இன்னொருவர், 'கேட்டுவிட்டுப் பாவியுங்கள்' என்று எழுதியிருந்தார். இருபத்திரண்டு பெயர்கள் எண்ணினோம். எமது வீட்டுப் பெயர் மட்டும் இல்லை. தொலைபேசியை எடுத்துப் பார்த்தால், அதில் எமது பெயரே முதலாவதாக நின்றது. அயல் வீடெல்லாம் கேட்கின்றது. தன் வீட்டுக் குரல் மட்டும் கேட்கவில்லை. இப்படியும் ஒரு செவிடு உண்டா?

அன்றைய மின்வெட்டு அத்தருணம் பார்த்து வந்தது. மிச்சத்தைத் திங்கட்கிழமை காலையிலே தொடர்ந்தோம். ரவுட்டரின் அமைப்பைப் பார்த்தபோது, அஃது 13ஆம் அலைவரிசையிற் பேசுவது தெரிந்தது. வைஃபை பெரும்பாலும் உலவும் 2.4 கிகாஹேர்ட்ஸ் பகுதியிலே அலைவரிசைகள் 5 மெகாஹேர்ட்ஸ் இடைவெளியில் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றின் குரலோ ஏறத்தாழ 20 மெகாஹேர்ட்ஸ் அகலத்துக்குப் பரவும். ஆதலினால் அடுத்தடுத்த அலைவரிசைகள் ஒன்றன்மேலொன்று ஏறி இரைச்சலாகும். தொடர்மாடியில் எல்லோரும் 1, 6, 11 என்பவற்றில் நெருக்கியடிப்பதைக் கண்டு, மேல்மாடிப் பையன் ஒருவன் சென்ற ஆண்டிலே எமக்கு நல்லது செய்வதாக எண்ணி, ஒதுக்குப்புறமான 13இற்கு மாற்றிவைத்திருந்தான். நல்லதுதான் செய்தான்.

ஆனால் எல்லா நாடுகளும் 13ஐ அனுமதிப்பதில்லை. இலங்கையில் உண்டு, அமெரிக்காவில் 11 வரையே. லினக்ஸ் ஒவ்வொரு நாட்டின் வானலை விதிகளையும் பட்டியலாக வைத்துக்கொண்டு, தான் எந்த நாட்டில் இருக்கின்றதென இரண்டெழுத்தால் அறிந்து நடக்கின்றது. எமது கணினியிடம் அலைவரிசைகளைக் கேட்டபோது, '2472 மெகாஹேர்ட்ஸ், 13, முடக்கம்' என்றது. நாட்டைக் கேட்டபோது 'யு.எஸ்.' என்றது. வெள்ளவத்தையில் இருந்துகொண்டு அது தன்னை அமெரிக்காவில் இருப்பதாக நினைத்திருந்தது.

"ஆர் பெரியப்பா இதிலை யு.எஸ். எண்டு போட்டது?"

கைந்நூலின் அந்தப் பக்கம் எம் கண் முன்னே வந்து நின்றது. நூலாசிரியர் தம் ஊரை உதாரணமாக எழுதியிருந்தார். நாம் அதனைப் படித்துப் பாராமல் அப்படியே தட்டியிருந்தோம்.

"அது தானாய் வந்திருக்கும், பிள்ளை" என்றோம்.

அறுபத்தெட்டு வயதில் ஏன் அப்படிச் சொன்னோமென்று இன்றும் எமக்குத் தெரியாது. அவள் யு.எஸ். என்பதை அழித்து எல்.கே. என்று இட்டாள். கணத்தில் எமது பெயரும் திரையில் வந்து, இணையமும் வந்தது. நாம் எழுந்து தேநீர் போடச் சென்றோம். திரும்பி வரும்போது அவள் முகத்தில் மகிழ்ச்சியைக் காணோம். கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு எதையோ தேடிக்கொண்டிருந்தாள்.

"தானாய் வந்தது எண்டால் திரும்பவும் தானாய் மாறும், பெரியப்பா. வகுப்பு நடுவிலை மாறினால் என்ன செய்யிறது? எது மாத்துது எண்டு தெரியேல்லை. முழுக்க அழிச்சுப் போட்டு முதலிலையிருந்து பதிக்கப் போறன்."

மணி இரண்டே கால். பென் ட்ரைவ் ஏற்கெனவே செருகப்பட்டிருந்தது. அழித்துப் பதித்தால் ஃபேர்ம்வெயர் மறுபடியும் போகும், தொலைபேசியில் டேட்டா மிச்சமில்லை, நான்கு மணி வகுப்பும் போகும். தேநீர்க் கோப்பையை மேசையில் வைத்தோம்.

"அது தானாய் வரேல்லை, பிள்ளை. சனிக்கிழமை இரவு நான் போட்டனான். புத்தகத்தைப் பார்த்து எழுதினது."

அவள் சிறிது நேரம் எம்மைப் பார்த்தாள். "முதலே சொல்லியிருக்கலாம்" என்றாள். பென் ட்ரைவைப் பிடுங்கி எம் கையிலே தந்துவிட்டு, கொப்பியில் ஒரு வரி எழுதினாள். பின்பு எட்டிப் பார்த்தோம். 'யு.எஸ். போட்டது பெரியப்பா. வேறு காரணம் இல்லை. எல்.கே. போட்டால் சரி' என்றிருந்தது. ஆய்வுகூடக் குறிப்பேட்டுக்கு ஏற்ற நடை. அந்தக் கொப்பி இன்றும் வீட்டில் இருக்கின்றது. கீழ்மாடியிலும் தோழிமார் வீடுகளிலுமாகப் பழைய கணினிகள் மூன்றிற்கு இதுவரை உதவியிருக்கின்றது. அந்த வரியும் அதிலே இருக்கின்றது.

நான்கு மணிக்கு வகுப்புத் தொடங்கிற்று. ஆசிரியரின் குரல் கணீரென்று வந்தது. சமன்பாடுகள் வெடிப்பில்லாத திரையிலே முழுமையாக நின்றன. அவளுடைய தாயார் குசினி வாயிலில் நின்று எட்டிப் பார்த்தார். நாம் பேசாமல் நாற்காலியில் இருந்து, புரியாத இரசாயனத்தைப் புரிந்தவர் போலக் கேட்டுக்கொண்டிருந்தோம். நாலே முக்காலுக்கு மின்சாரம் போயிற்று. கணினிக்கு மின்கலத்தில் இன்னும் சிறிது உயிர் இருந்தது; ரவுட்டருக்கு அதுவும் இல்லை. நீல விளக்கு எரிந்தபடியே இருக்க, ஆசிரியர் வாய் திறந்தபடி உறைந்து நின்றார்.

"பெரியப்பா, உங்கடை தொலைபேசியிலை டேட்டா கிடக்கோ?"

"கொஞ்சம் கிடக்கு."

"அந்த வயரை எடுங்கோ."